நிறுத்தச் சொன்ன பிறகு

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஆறு நாள் தைலம் தேய்த்தவள். எனக்கு வந்தது எலிக்காய்ச்சல். நான் அதைக் கராத்தே வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வயதில் உனக்கு எதற்குக் கராத்தே என்று ஆஸ்பத்திரியில் கேட்காத ஆளில்லை. அதனால் அந்தக் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் லெட்சுமி. இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். என் வீட்டுக்காரர் ராஜு அதே தோட்டத்துத் தொழிற்சாலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், ரப்பர் ஷீட் அடிக்கிறார். பள்ளிக்கூட நாட்களில் நான் கராத்தேயில் பிரவுன் பெல்ட் வரைக்கும் போனவள். அதற்கு அடுத்தது கறுப்புதான். என்னோடு ஒரே வகுப்பில் பழகியவள் கோகிலா. எங்கள் இருவருக்கும் பதினெட்டு வயதாக இருக்கும்போது இரத்தினபுரியில் ஒரு பெரிய போட்டி நடந்தது. கடைசிச் சண்டை எனக்கும் அவளுக்கும். நான் ஒரு புள்ளி முன்னால் நின்றேன்.

நடுவர் "யமே" என்றார். யமே என்றால் நிறுத்து. அந்தச் சொல் காதில் விழுந்தால் கையும் காலும் அப்படியே நிற்க வேண்டும். கராத்தேயில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதைத்தான். நான் கையை இறக்கினேன். நடுவர் நேரம் பார்ப்பவர் பக்கம் திரும்பினார். அந்தக் கணத்தில் கோகிலாவின் உதை என் இடது விலாவில் விழுந்தது. இரண்டு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன நடந்தது என்று கேட்டபோது எனக்கு மூச்சே வரவில்லை. பக்கத்தில் நின்ற கோகிலா எனக்காகப் பதில் சொன்னாள்.

"வழுக்கி விழுந்துட்டா, டொக்டர்."

நான் விலகியதால் அவள் ஜெயித்தாள். அந்தச் சான்றிதழோடு மேலே மேலே போய் விளையாட்டு டீச்சர் வேலை எடுத்தாள். எனக்குப் பால் வெட்டும் கத்தி கிடைத்தது. மூச்சு வந்த பிறகு நான் உண்மையைச் சொல்லாமல் இல்லை. வீட்டில் சொன்னேன், கராத்தே மாஸ்டரிடம் சொன்னேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று சிரித்தார்கள். உதையைக்கூட மறந்திருப்பேன். அந்தப் பொய்யை மறக்க முடியவில்லை. அவள் வாயால், நாலு பேர் முன்னால், "நிறுத்தச் சொன்ன பிறகு நான்தான் அடித்தேன்" என்று சொல்ல வேண்டும். இருபது வருடமாக எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

போன வருடம் கோகிலா எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தாள். வந்த கையோடு சிறுமிகள் முதல் பெரியவர்கள் வரை பெண்களுக்குக் கராத்தே வகுப்பு என்று கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சனி, ஞாயிறு பின்னேரம், எங்கள் தோட்டத்துப் பழைய புள்ளைக்காம்பராவில். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. புதுக் கட்டடம் வந்த பிறகு பழையதில் உரமூட்டை அடுக்கியிருந்தார்கள். மூட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"அவகிட்ட கத்துக்கவா போற?" என்று கேட்டார் ராஜு.

"கத்துக் குடுக்கப் போறேன்."

என் பிரவுன் பெல்ட்டைத் தேடினேன். அடுப்படியில் விறகுக் கட்டைச் சுற்றியிருந்தது. எத்தனை வருடமாக அது அந்த வேலை பார்த்ததோ தெரியாது. சவுக்காரம் போட்டுத் துவைத்து, காயவைத்து, இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன்.

கோகிலா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கறுப்பு பெல்ட்டும் வெள்ளை உடுப்புமாக நின்றாள். உடம்பு கொஞ்சமும் தளரவில்லை.

"லெட்சுமியா? எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் டீச்சர். மழைக்கு மட்டும் விலா வலிக்கும்."

"அதுக்கு எக்சசைஸ் நல்லது" என்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிறகு என் இடுப்பைப் பார்த்தாள். "இருபது வருசம் விட்டுட்டீங்களே. ரூல்படி வெள்ளையில இருந்துதான் தொடங்கணும்."

ஒரு புது வெள்ளை பெல்ட்டை எடுத்து நீட்டினாள். ஏழு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியில் நிற்க வைத்தாள். கராத்தேயில் இன்னொரு வழக்கம் உண்டு: வகுப்புத் தொடங்கும் முன்னால் வெள்ளை பெல்ட்காரர்கள் தரையைத் துடைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளால் தண்ணீர் தூக்க முடியாது என்று அந்த வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரை வாளியில் பிடித்து, பழந்துணியை நனைத்து, வெறுங்காலோடு குந்தி, அந்த மண்டபத்தை ஒவ்வொரு தடவையும் நான்தான் துடைத்தேன். என் குதிகாலில் பித்தவெடிப்பு. பால் வெட்டுகிறவர்கள் காலைப் பார்த்தால் தெரியும், வரப்பு வெடித்த மாதிரி இருக்கும். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன்.

இருபது வருடம் விட்ட உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காது. தினமும் முந்நூறு மரத்துக்கு மேல் சுற்றுகிற கால் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அது நடக்கிற கால், பாய்கிற கால் இல்லை. என் உதை இடுப்புக்கு மேலே ஏறவில்லை. குத்து அதைவிட மோசம். மரத்தில் வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழே சாய்வாக இறங்கும். வருடக்கணக்காகக் கத்தியை அப்படியே இழுத்த கை, குத்தையும் சாய்வாகவே இறக்கியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"லெட்சுமி, இங்க மரம் இல்ல. நேரா குத்துங்க" என்றாள் கோகிலா.

குத்துவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் மூன்று வாரமும் உடம்பில் வலிக்காத இடமில்லை. ஆகவே நாலாவது வாரம் திங்கட்கிழமை கெண்டைக்கால் வலித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். கால் இறுகுகிறது, உதை ஏறப்போகிறது என்று நினைத்தேன். பின்னேரம் குளிர் நடுக்கியது. தலை பிளந்தது. நனைந்த காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்து, காலுக்குத் தைலம் தேய்த்தேன். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் போனேன், வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாதே, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. மலையில் ஏறும்போது யாரோ கெண்டைச் சதையைக் கிடுக்கியால் பிடித்துத் திருகுவது போல இருந்தது. புதன்கிழமை படுத்துவிட்டேன். ராஜு இரண்டு காலுக்கும் தைலம் தேய்த்துவிட்டார்.

"நாளைக்கு டவுனுக்குப் போய் மருந்து எடுப்போம்" என்றார்.

"ஒண்ணும் வேணாம். டிரெய்னிங் வலி. படுத்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சா சிரிப்பா."

வெள்ளிக்கிழமை சிறுநீர் கறுத்த தேத்தண்ணி மாதிரிப் போனது. அதுவும் ஒரே ஒரு தடவை. தண்ணீர் குடிக்காததால்தான் என்று நானே எனக்கு டொக்டரானேன். சனிக்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அன்றும் தரையைத் துடைத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது.

தொடக்க வணக்கத்துக்கு எல்லாரும் முழந்தாளிட்டு உட்கார்ந்தோம். எல்லாரும் எழுந்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கோகிலா என் முன்னால் வந்து குந்தினாள். கண்ணைப் பார்த்தாள். பிறகு கேட்காமலே என் கெண்டைக்காலை ஒரு பிடி பிடித்தாள். நான் போட்ட சத்தத்தில் ஒரு பிள்ளை அழுதுவிட்டது.

"எத்தன நாளா காய்ச்சல்?"

"டிரெய்னிங் வலி" என்றேன்.

"மூத்திரம் எப்ப போனது? என்ன கலர்?"

அத்தனை பேர் முன்னால் கேட்டாள். எனக்கு மானமே போயிற்று. "நேத்து. தேத்தண்ணி கலர்" என்று முணுமுணுத்தேன். அவள் எழுந்து வகுப்பை நிறுத்தினாள், த்ரீவீல் ஆட்டோவுக்கு ஆளனுப்பினாள். அவளுடைய அண்ணன் மாணிக்கக்கல் தோண்டும் குழியில் வேலை செய்து இதே காய்ச்சலில் படுத்தவராம். வண்டியில் போகும்போது சொன்னாள். எவளை அடிக்கப் போனேனோ அவள் தோளில் சாய்ந்துகொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரி வரைக்கும் போனதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வாழ்க்கையில் இல்லை.

அங்கே இருந்த இளம் லேடி டொக்டர் சிங்களத்தில் கேட்டார். வயலில் இறங்கினீர்களா? இல்லை. மாணிக்கக் குழி, கால்வாய்? இல்லை. எங்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

"அப்போ அழுக்குத் தண்ணி எங்க பட்டுச்சு?"

"தரை துடைச்சேன்" என்றேன். "எலி ஓடுற மண்டபம். வெறுங்கால்."

யார் துடைக்கச் சொன்னது என்று டொக்டர் கேட்கவில்லை. கோகிலா பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவையாக என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு இரண்டாவது தடவையாக ஒளிக்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடுதான் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வார்ட்டுக்குத் தள்ளிப் போனார்கள்.

எலிக்காய்ச்சல் என்றால் என்ன என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். எலியின் மூத்திரத்தில் ஒரு கிருமி இருக்கிறது. அது ஈரத்தில் உயிரோடு கிடக்கும். நம் காலில் வெடிப்போ காயமோ இருந்தால் அதன் வழியாக உள்ளே போய் இரத்தத்தில் கலக்கும். முதலில் சதை வலி, அதிலும் கெண்டைக்கால். பிறகு ஈரலையும் கிட்னியையும் பிடிக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியட்டினின் ஏறியிருக்கிறது என்றார்கள். அது கிட்னி வெளியே தள்ள வேண்டிய ஒரு கழிவு. இரத்தத்தில் அது ஏறினால் கிட்னி வேலை நிறுத்தம் செய்கிறது என்று அர்த்தம். எங்கள் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தால் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். கிட்னி யாரோடும் பேசாது.

ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். சிறுநீருக்குக் குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்கவிட்டார்கள். நேரத்துக்கு நேரம் நர்ஸ் வந்து குனிந்து அந்தப் பையைப் பார்த்துக் கட்டிலில் தொங்கும் நோயாளி டிக்கட்டில் எழுதினார். என் பிறந்தநாளைக்கூட யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. முதல் நாள் பையின் அடி மட்டும்தான் நனைந்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. முகம் வீங்கியது, கண் மஞ்சளானது. மூன்றாம் நாள் காலையில் டொக்டர் ராஜுவைக் கூப்பிட்டார். நாளைக்குள் சிறுநீர் இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மெஷினில் இரத்தத்தைக் கழுவ வேண்டும் என்றார். ராஜு தலையை ஆட்டினார். பிறகு வெளியே போய் வாசல் பக்கம் நின்று அழுதாராம். என்னிடம் வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

பயந்தேனா? பயந்தேன். செத்துப்போவேன் என்ற பயத்துக்கு மேலே இன்னொரு பயம் இருந்தது. நான் போய்விட்டால் அந்த உண்மை தெரிந்த ஆள் அவள் மட்டும்தான். அவள் இரங்கல் கூட்டத்தில் பேசுவாள், நல்ல மாணவி என்பாள்.

என் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜுவுக்குச் சமையல் வராது. தினமும் விடியற்காலையில் கஞ்சி வைத்து, ஸ்டோர் புகை வாசம் வீசும் சட்டையோடு முதல் பஸ்ஸில் கொண்டுவருவார். கஞ்சியிலும் ரப்பர் புகை மணக்கும். உப்புக் குறைக்கச் சொன்னார்கள் என்று அவரும் வீட்டில் உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறார், அவருடைய அம்மா, என் மாமிதான் பிறகு சொன்னார். மாமி ஆசையாக இரண்டு தம்பிலி இளநீர் கொண்டுவந்தார். நோயாளியைப் பார்க்கப் போனால் தம்பிலி கொண்டுபோவதுதானே வழக்கம். நர்ஸ் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். கிட்னி வேலை செய்யாதபோது இளநீர் நெஞ்சையே நிறுத்திவிடுமாம். மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பெத்த மவ மாதிரி பாத்தேனே, நானே கொன்னுருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்களால முடியாது மாமி, அதுக்கு வேற ஆள் இருக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்த ஆள் அந்த மூன்றாம் நாள் பகல் பார்வை நேரத்தில் வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. கட்டிலோரம் நின்று எப்படி இருக்கீங்க என்றாள். எனக்கு மரியாதையெல்லாம் மறந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நிறுத்தச் சொன்ன பிறகு ஏன் அடிச்ச?"

"எப்ப?"

"ரத்னபுரியில. கடைசி மேட்ச்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ரத்னபுரியில எத்தனையோ மேட்ச் ஆடியிருக்கோம். எனக்கு ஞாபகம் இல்ல லெட்சுமி."

ஞாபகம் இல்லையாம். இருபது வருடம் மழை பெய்யும் போதெல்லாம் நான் விலாவைப் பிடித்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன். அவளுக்கு ஞாபகம் இல்லை. பிஸ்கட் பெட்டியைத் தூக்கி எறிந்தேன். கை தளர்ந்திருந்ததால் அது கட்டில் காலடியிலேயே விழுந்தது. அவள் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நர்ஸ் ஓடிவந்தார். சிங்களப் பெண், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார்.

"அக்கா, கோவம் வாணாம். பிரஷர் ஏறும்."

"ஏறட்டும் மிஸ். நான் சாகமாட்டேன். அவளுக்கு ஞாபகம் வர வைக்காம சாகமாட்டேன்."

மறுநாள் காலையில் பையைப் பார்த்த நர்ஸ் கையைத் தட்டினார். கால் பை நிறைந்திருந்தது. மத்தியானம் பாதி. மெஷின் தேவையில்லை என்றார் டொக்டர். மருந்து நேரத்துக்கு வேலை செய்தது என்று அவர் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்து பாதி, ஆத்திரம் பாதி என்பதுதான் என் எண்ணம்.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி, கட்டிலுக்குக் காசில்லை. வெளியே எடுத்த ஒரு இரத்தப் பரிசோதனையும் பஸ் செலவும் விழாத பேரும்தான் நட்டம். மூன்று மாதம் பாரம் தூக்காதே, அடிதடி விளையாட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று மாதமும் கிளினிக்குக்குப் போய் மர வாங்கில் உட்கார்ந்து என் இலக்கத்துக்குக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் புதுசா என்ன? டொக்டர் சரி என்று சொன்ன வாரமே வெள்ளை பெல்ட்டைக் கட்டினேன். ராஜு தடுக்கவில்லை. ஒரு சோடி பூட்ஸ் வாங்கி வந்து வாசலில் வைத்தார், தரை துடைக்கும்போது போட்டுக்கொள்ள.

பூட்ஸுக்கு வேலை இருக்கவில்லை. உரமூட்டைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். எலிப் பொந்துகளுக்குச் சீமெந்து பூசியிருந்தது. மண்டபம் முழுக்க பிளீச்சிங் வாசம். கோகிலா தன் கறுப்பு பெல்ட்டோடு தானே குந்தித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாயால் சொல்லாதது எனக்குச் செல்லாது.

விஜயதசமி அன்று வகுப்பின் விழா. பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாளில், பெற்றோர் முன்னால், ஆளுக்கு இரண்டு நிமிடம் டீச்சரோடு சண்டை பிடித்துக் காட்ட வேண்டும். நடுவராக ஒரு கராத்தே மாஸ்டர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். கடைசியாக என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் நன்றாக ஆடினாள், பொய் சொல்ல மாட்டேன். இரண்டு புள்ளி எடுத்துவிட்டாள். அதன் பிறகு என் சாய்ந்த குத்து ஒன்று அவள் கைக்கு மேலாக இறங்கி நெஞ்சில் பட்டது. நேராக வரும் குத்தைத் தடுக்கத்தான் அவளுக்குத் தெரியும், வெட்டுக்கோட்டில் வருவதை அவள் எங்கே கண்டாள்? நடுவர் எனக்கு ஒரு புள்ளி கொடுத்தார். ராஜு ஸ்டோரில் விசிலடிப்பது போல விசிலடித்தார். அது நேர்மையாக எடுத்த புள்ளி. இன்றைக்கும் அதற்குப் பெருமைப்படுகிறேன்.

நடுவர் "யமே" என்றார்.

அவள் கையை இறக்கினாள். நான் இறக்கவில்லை. கை தவறியதென்றோ காதில் விழவில்லை என்றோ சொல்ல மாட்டேன். நன்றாகக் கேட்டது. கேட்டுவிட்டுத்தான் அவள் இடது விலாவில் உதைத்தேன். அந்த உதை என் வாழ்க்கையிலேயே உயரமாக ஏறிய உதை.

அவள் மடங்கி விழுந்தாள். நடுவர் என்னைப் பார்த்துக் கத்தினார், தகுதி நீக்கம் என்றார், வெளியே போ என்றார். சரிதான். சட்டம் அதுதான். இருபது வருடம் முன்னால் யாரும் அதைச் சொல்லவில்லை என்பதுதான் என் வழக்கு. நான் குனிந்து அவள் காதில் கேட்டேன்.

"இப்ப ஞாபகம் வருதா?"

அவளுக்கு மூச்சு வரவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

த்ரீவீலில் அவளை ஏற்றினார்கள். நானும் ஏறினேன். யாரும் தடுக்கவில்லை, அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே பாதை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடித்தாள்.

"ஆழமா இழுக்காத. மேலால மூச்ச விடு. கையால விலாவ அணைச்சுப் புடி" என்றேன். விலா முறிந்தவளுக்குத்தான் அந்த வித்தை தெரியும்.

பாதி வழியில் அவள் பேசினாள். "ஞாபகம் இருந்துச்சு."

"என்னது?"

"வார்ட்டுல நீ கேட்டப்பவும் ஞாபகம் இருந்துச்சு. என்னைக்கும் இருந்துச்சு. சொல்ல வெக்கம்."

"இங்க சொல்லி என்ன பிரயோசனம்? த்ரீவீல்காரருக்கா கேக்கணும்?" என்றேன்.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் அன்று வெளிநோயாளர் பக்கம் டியூட்டியில் இருந்தது அதே நர்ஸ். என்னைக் கண்டதும் சிரித்தார். அவளைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். வாங்கு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நர்ஸ் பேனையை எடுத்தார்.

"என்னா நடந்தது?"

கோகிலா என்னைப் பார்க்கவில்லை. "வழுக்கி விழுந்துட்டேன், மிஸ்."

அதே வார்த்தை. இந்தத் தடவை எனக்காகச் சொல்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்தப் பொய்யால்தான் என் இருபது வருடம் போனது. அதையே எனக்குத் தானம் கொடுக்கிறாள்.

"இல்ல மிஸ்" என்றேன். வாங்கின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "நான்தான் அடிச்சேன். நடுவர் நிறுத்தச் சொன்ன பிறகு அடிச்சேன். வேணும்னே அடிச்சேன். அப்படியே எழுதுங்க."

சொல்லிவிட்டு கோகிலாவைப் பார்த்தேன். எவ்வளவு சின்ன வாக்கியம் பார், சொன்னால் செத்துவிட மாட்டோம் பார் என்று அவளுக்குக் காட்டுகிற மாதிரிப் பார்த்தேன்.

நர்ஸுக்கு முகம் மாறியது. "அடிச்சதுன்னா பொலிசுக்கு ஒரு துண்டு போடணுமே, அக்கா."

"போடுங்க."

கோகிலா விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தாள். "அப்ப ரெண்டு துண்டு போடணும், மிஸ்."

"ஏன் ரெண்டு?"

"மொதல்ல அடிச்சது நான். ரத்னபுரியில. நிறுத்தச் சொன்ன பிறகு. இவளுக்கு ரெண்டு விலா ஒடஞ்சது. வழுக்கி விழுந்தான்னு டொக்டர்கிட்ட பொய் சொன்னேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "போன தடவ காய்ச்சல் வந்ததும் என்னாலதான். எலித் தரைய நான்தான் தொடைக்க வச்சேன்."

"ரத்னபுரியில எப்போ?"

"இருபது வருசத்துக்கு முன்னால."

நர்ஸ் பேனையைக் கீழே வைத்தார். "அதுக்கு இந்தப் புத்தகத்தில எடமில்ல."

"எழுத வேணாம் மிஸ்" என்றேன். பிறகு கோகிலா பக்கம் திரும்பினேன். வாங்கில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.

"சிங்களத்துலயும் சொல்லு."

சொன்னாள்.